அங்காதிபாதம்

2016 மழைக்காலத்தில் அம்மா வாசலில் வழுக்கி விழுந்தார். பெரிய விழுதல் ஒன்றுமில்லை. கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கு என்ன வயசு?” என்று கேட்டார். ஐம்பத்தெட்டு என்றேன். “எலும்பைப் பார்த்தா எண்பது மாதிரி இருக்கே” என்றவர், அம்மாவிடம் திரும்பி மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்டார்.

“முப்பத்தேழுல. ஆபரேஷன் பண்ணி பையை எடுத்துட்டாங்க.”

“கர்ப்பப்பை மட்டுமா, சினைப்பையும் சேர்த்தா?”

அம்மா என்னைப் பார்த்தார். படித்த மகள் சொல்லட்டும் என்ற பார்வை. எனக்குத் தெரியவில்லை. சங்கப் பாடல்களில் பெண்ணுடல் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். ‘அல்குல்’ என்ற ஒரு சொல்லுக்கு உரையாசிரியர்களும் பிற்காலத்து அறிஞர்களும் கொண்ட பொருள்களை வரிசைப்படுத்தி ஒரு இயலே எழுதியிருக்கிறேன். என்னைப் பெற்ற உடலிலிருந்து எதை எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. இருபத்தொரு வருடமாக நாங்கள் அதைக் கேட்டதுகூட இல்லை.

அன்று ஆம்பூருக்குத் திரும்பும் பேருந்தில் என் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. அறிவியல் ஆசிரியை இதயத்தை வண்ணச் சாக்பீஸில் வரைந்தார், சிறுநீரகத்தை வரைந்தார். இனப்பெருக்க மண்டலம் வந்தபோது நான்கு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பி, “இதை வீட்ல படிச்சுக்கோங்க, பரீட்சைக்கு வராது” என்றார். வீட்டில் யார் சொல்லித்தருவார்கள்? அவரைக் குறை சொல்லி எழுத இப்போது மனம் வரவில்லை. அவருக்கும் ஒரு ஆசிரியை அப்படித்தான் பக்கத்தைத் திருப்பியிருப்பார். அந்த நான்கு பக்கம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எங்கே தடைப்பட்டது என்று தேடியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

*

தமிழில் பெண்ணுடலைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. தெய்வத்தைப் பாதத்திலிருந்து கூந்தல்வரை பாடுவதைப் பாதாதிகேசம் என்றும், மானிடரைக் கூந்தலிலிருந்து பாதம்வரை பாடுவதைக் கேசாதிபாதம் என்றும் மரபு சொல்கிறது. பொருநராற்றுப்படையின் பாடினி வர்ணனை அதற்கு நல்ல உதாரணம். கூந்தலில் தொடங்கி, நெற்றி, புருவம், கண், வாய், தோள், இடை என்று இறங்கி அடியில் முடியும். நான் அதை வருடாவருடம் வகுப்பில் நடத்துகிறேன். அழகான பகுதி. ஆனால் அந்தப் பார்வை தோலோடு நின்றுவிடும். பாடினியின் வயிற்றுக்குள் பசி இருப்பதைப் புலவன் அறிவான். வேறென்ன இருக்கிறது என்பது அவனுக்குக் கேள்வியே இல்லை.

தோலுக்கு உள்ளே போன தமிழ்ப் புத்தகம் ஒன்று யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டது. அதன் பெயர் ‘மனுஷ அங்காதிபாதம்’. எழுதியவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர். மானிப்பாயில் இருந்து மருத்துவம் பார்த்த அவர், தமிழ் கற்று, மேற்கத்திய மருத்துவ நூல்களை வரிசையாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பிரசவ வைத்தியம் 1857இல் வந்தது. இரணவைத்தியம் 1867இல். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டும் கிரேயின் உடற்கூற்று நூல் லண்டனில் 1858இல் முதலில் வெளியானது. அதை வைத்துச் செய்த மனுஷ அங்காதிபாதம் 1872இல் தமிழில் வந்துவிட்டது. உடல் எப்படி அமைந்திருக்கிறது என்ற அறிவுக்கு அங்காதிபாதம். அது எப்படி இயங்குகிறது என்ற அறிவுக்குச் சுகரணம். அங்காதிபாதம் யாழ்ப்பாண நாட்டு வைத்திய மரபில் ஏற்கனவே புழங்கிய சொல். கேசாதிபாதம் படித்த காதுக்கு அந்தப் பெயர் எவ்வளவு இயல்பாக விழுகிறது!

1860களில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவ வகுப்பு நடந்தது. எலும்பின் பெயரும் நரம்பின் பெயரும் தமிழில் ஒப்பித்து, தமிழில் தேர்வெழுதி மருத்துவரானவர்கள் இருந்தார்கள். மனித உடலைத் தமிழில் சொல்லமுடியாது என்று இன்று யாராவது சொன்னால், நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது என்று பதில் சொல்லலாம். ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பிரசவ வைத்தியம் படித்தவர்களும் ஆண்களே. பிரசவம் பார்க்கும் அறையில் அந்தப் புத்தகத்துக்கும் இடமில்லை, அதைப் படித்தவருக்கும் இடமில்லை. அங்கே இருந்தவர் மருத்துவச்சி. தமிழ்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். குழந்தையின் தலை எங்கே திரும்பியிருக்கிறது என்பதை வயிற்றின்மேல் கைவைத்தே சொன்னவர்கள். அவர்களுடைய அறிவு கையில் இருந்தது, ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் இருந்தது அவர்களிடம் போகவில்லை.

*

ஏட்டுக்கும் பிரசவ அறைக்கும் நடுவே இருந்த இந்தப் பள்ளத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. மூன்று பேருடைய கதை மட்டும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதுவும் எங்கள் பக்கத்துக் கதைதான்.

ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடல்நலமில்லாத தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தார். தந்தை அங்கே மிஷன் மருத்துவர். ஓரிரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் மற்றோர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா மருத்துவர், அவரை அழைத்துப்போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதைவிட அவள் சாவது மேல் என்று திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார்.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கதை தெரியாதவர் குறைவு. எல்லாரும் அதை ஐடாவுக்குக் கிடைத்த அழைப்பின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் இடறுவது வேறொன்று. கதையில் வந்துபோகும் மூன்று ஆண்களுக்கும் சாதியும் மதமும் இருக்கின்றன. இறந்த பெண்களுக்கு அதுகூட இல்லை. கணவனின் சாதி, கணவனின் மதம். பெயரும் இல்லை. தன் உடலை யார் பார்க்கலாம் என்று அந்த இரவில் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்கவேண்டும் என்றால், பெண்கள் உடற்கூறு படிக்கவேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதில் ஒருவர் மேரி ஷார்லீப், சென்னையில் வசித்த ஓர் ஆங்கில வழக்கறிஞரின் மனைவி. பிறகு லண்டனில் மேற்படிப்பு முடித்து வந்து அவர் நிறுவியதுதான் திருவல்லிக்கேணியில் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனை. அதன் ஆதிப் பெயரில் ‘சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்’ என்று இருந்ததை நாம் மறக்கக்கூடாது. பெண்ணுக்காகத் திறந்த கதவின் மேலேயே எந்தப் பெண் என்று எழுதியிருந்தது.

1878இல் அதே கல்லூரியில் சேர்ந்தவர் கிருபாபாய் சத்தியநாதன். இங்கிலாந்து போய் மருத்துவம் படிக்க வாய்ப்பு வந்தும் உடல்நலத்தைக் காரணம் காட்டித் தடுத்துவிட்டதால் சென்னைக்கு வந்தவர். ஒரே வருடத்தில் நோய் அவரைப் படிப்பிலிருந்து வெளியேற்றியது. பின்னாளில் அவர் எழுதிய ‘சகுணா’ நாவலில் அந்தக் கல்லூரி நாட்கள் வருகின்றன. முத்துலட்சுமி ரெட்டி 1907இல் அங்கே சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். இவர்கள் ஒருவர், இருவர். பெண்கள் ஒரு வகுப்பாகச் சேர்ந்து உட்கார்ந்து உடலைப் படித்தது வேலூரில் நடந்தது.

*

1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்க ஐடா அனுமதி கேட்டபோது, சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவருக்கு நம்பிக்கை இல்லை. ஆறு விண்ணப்பம் வந்தால் தொடங்குங்கள் என்றாராம். நூற்றைம்பதுக்கு மேல் வந்தன. இருபதுக்கும் குறைவானவர்களுக்கே இடமிருந்தது. பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். அந்த ஆகஸ்டில் ஆளுநர் பென்ட்லாண்ட் பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். முதலாண்டுத் தேர்வில் மாகாணத்தின் ஆண்கள் பள்ளிகளிலிருந்து எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார்கள் என்றும், வேலூர்ப் பெண்கள் எழுதிய அத்தனை பேரும் தேறினார்கள் என்றும் இங்கே இன்றும் பெருமையோடு சொல்வார்கள். 1922இல் முதல் அணி படிப்பு முடித்து வெளியே வந்தது.

முதலாண்டு என்றால் உடற்கூறும் உடலியங்கியலும். அந்தப் படிப்பு எலும்பில் தொடங்கும். ஒரு எலும்பைக் கையில் கொடுத்து, இது வலதா இடதா, எந்தப் பக்கம் மேல், எந்தத் தசை எங்கே ஒட்டும் என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லப் பழகவேண்டும். பிறகு மேசைமேல் கிடத்திய உடல். தோலை விலக்கி, கொழுப்பை விலக்கி, தசையைப் பிரித்து, நரம்பையும் இரத்தக்குழாயையும் அறுபடாமல் எடுத்துக் காட்டவேண்டும்.

இந்தியாவில் இதற்கு ஒரு தீட்டுத் தடை இருந்தது. 1836இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா பிணத்தின் மேல் கத்தி வைத்தது ஒரு சரித்திர நிகழ்ச்சியாகக் கொண்டாடப்பட்டதே அந்தத் தடையால்தான். ஒரு பெண்ணுக்கு அது இரண்டு தடை. அவள் பிணத்தைத் தொடுகிறாள். அது ஆணின் உடலாகவும் இருக்கலாம். மாதத்தில் மூன்று நாள் தன் உடலே தீட்டு என்று ஒதுங்கி உட்கார்ந்த வீட்டிலிருந்து வந்த பெண், அந்தத் தீட்டு எந்த உறுப்பின் எந்தச் சவ்விலிருந்து எதனால் கசிகிறது என்று படிக்கிறாள். கருத்தரிக்காத மாதத்தில் கருப்பையின் உள்படலம் உதிர்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தபிறகு பழைய பாயில் போய் உட்கார்வது முன்போல இருந்திருக்காது.

மேசைமேல் கிடந்தவர் யார் என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டு உடற்கூற்றுச் சட்டம், ஏழை விடுதிகளில் இறந்து யாரும் உரிமை கோராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க வழி செய்தது. உரிமை கோர ஆளில்லாதவர்களின் உடலே படிப்புக்குப் போகும் என்ற ஏற்பாடு நம் ஊருக்கும் வந்தது. பெண்கள் படித்த முதல் புத்தகம் ஏழையின் உடல்.

எங்கள் ஊரில் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாலாற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகச் செத்த மாட்டை உரித்தவர்களுக்கும் உடற்கூறு தெரியும். எந்த மூட்டில் கத்தி நுழையும், தோலுக்கும் தசைக்கும் நடுவே சவ்வு எங்கே தானாக விலகும் என்று தெரியாமல் ஓட்டை விழாத தோலை எடுக்கமுடியாது. முதுகுப்பக்கத் தோல் இறுக்கம், வயிற்றுப்பக்கம் தொய்வு என்று ஷூவுக்குத் தோல் வெட்டுகிற ஆள் விரலால் நீவியே சொல்வார். இறந்த உடலைத் தொட்டு அறிந்த ஒருவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. இன்னொருவரை ஊருக்கு வெளியே வைத்தார்கள். பெண்களின் கல்வி வரலாற்றை எழுதும் நாம் இந்த இரண்டாவது ஆளை விட்டுவிட்டு எழுதிவிட முடியாது. என் தாத்தா தோல் ஷாப்பில் வேலை செய்தவர்.

*

அந்த அறிவு பெண்களுக்கு என்ன செய்தது? ஒரு எலும்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இடுப்பெலும்பு பார்ப்பதற்கு ஒரே எலும்பு. பிறக்கும்போது அது மூன்று துண்டு. தொடையெலும்பின் தலை வந்து பொருந்தும் குழியில் அந்த மூன்றும் குருத்தெலும்பால் சேர்ந்திருக்கும். அந்தக் குருத்து எலும்பாக இறுகத் தொடங்குவது பதின்வயதின் நடுவில். பிள்ளை கடந்துவரும் இடுப்பு வளையம் அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருக்கும். முதலாண்டு மாணவிக்கு இது ஐந்து மதிப்பெண் கேள்வி. பத்து வயதில் கல்யாணம் செய்துவைக்கும் நாட்டில் இது அரசியல்.

1890இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, பதினொரு வயதுகூட ஆகியிருக்குமா என்பது சந்தேகம், கணவன் வலிந்து கூடியதால் இரத்தம் போய் இறந்தாள். சட்டத்தில் அப்போது சம்மத வயது பத்து. அதனால் அவன்மேல் வல்லுறவுக் குற்றம் நிற்கவில்லை. சாஸ்திரம் என்ன சொல்கிறது, அரசாங்கம் தலையிடலாமா என்று ஆண்கள் பத்திரிகைகளில் மோதிக்கொண்டிருந்தபோது, இந்தியாவில் வேலை செய்த ஐம்பத்தைந்து பெண் மருத்துவர்கள் வைஸ்ராய்க்கு ஒரு மனு அனுப்பினார்கள். தாங்கள் சிகிச்சை தந்த சிறுமிகளுக்கு நேர்ந்த காயங்களின் பட்டியல் அதில் இருந்தது. சாஸ்திர வாதம் இல்லை. இடுப்பு, எலும்பு, கிழிந்த தசை. 1891இல் சம்மத வயது பன்னிரண்டானது. போதாத வயதுதான். முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபைக்குப் போய் 1920களின் இறுதியில் பெண்ணின் திருமண வயதை உயர்த்தக் கேட்டபோது, அவர் பேச்சுக்குப் பின்னால் பிரசவ வார்டு இருந்தது. 1929இல் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு என்றது.

இப்படிப் பார்த்தால் மானிப்பாயில் மொழி இருந்தது, பெண்கள் இல்லை. வேலூரில் பெண்கள் வந்தார்கள், பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. பாடத்தைத் தமிழில் வைத்திருந்த வழியும் பெண்களை உள்ளே விட்ட வழியும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. வேலூர்ப் பள்ளி 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது, 1947இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த பெண்கள் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ உயிர்களைக் காத்தார்கள். என்னையும் ஒரு பெண் மருத்துவர்தான் வெளியே எடுத்தார். ஆனால் பெண் மருத்துவருக்குக் கிடைத்த அறிவு பெண் நோயாளிக்கு வரவேண்டும் என்றால் நடுவில் ஒரு மொழி வேண்டும். ஐந்து நிமிடம் வேண்டும். இவளுக்குச் சொன்னால் புரியும் என்ற நம்பிக்கை வேண்டும்.

*

என் வகுப்பில் முதல் பெஞ்சு முதல் கடைசி பெஞ்சு வரை ஷூ கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளைகள். அம்மா தையல் மெஷினில், அக்கா பசை ஒட்டும் இடத்தில். ஒரு நாள் பாடினியைப் பாதியில் நிறுத்திவிட்டு, வீட்டில் அம்மாவுக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். எங்க அம்மா காலையில கம்பெனி பஸ் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணியே குடிக்கமாட்டாங்க மேடம், அடிக்கடி எழுந்து போனா திட்டு விழும். எங்க அம்மாவுக்கு ஒண்ணுக்குப் போனா எரியும். எங்க அக்காவுக்கு வெள்ளைப்படுது.

நீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும். அடக்கி வைத்தால் பையிலேயே தேங்கிக் கிருமி பெருகும். பெண்ணுக்குச் சிறுநீர்த் தாரை மூன்று நான்கு சென்டிமீட்டர்தான், அதனால் கிருமி ஏறுவது சுலபம். அங்காதிபாதமும் சுகரணமும் சேர்ந்தால் இது ஒரு பத்து நிமிடப் பாடம். அதைக் கரும்பலகையில் வரைந்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு பெண் எழுந்து, “அப்போ இது எங்க அம்மா உடம்பு சூடு இல்லையா மேடம்?” என்று கேட்டாள். இல்லை, உடம்புச் சூடும் இல்லை, கர்மமும் இல்லை, அது வேலை நேரமும் கழிப்பறையும் சம்பந்தப்பட்டது என்றேன். தமிழாசிரியை இதையெல்லாம் ஏன் நடத்துகிறார் என்று துறையில் ஒரு பேச்சு எழுந்து அடங்கியது.

அம்மாவின் பழைய காகிதம் தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுகளுக்கு அடியில், ஒரு மஞ்சள் பைக்குள் கிடைத்தது. 1995ஆம் வருடத்துத் தாள். ஆங்கிலத்தில் மூன்று வரி. கருப்பையும், இரண்டு பக்கத்துச் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. எதற்காக இரண்டையும் எடுத்தார்கள் என்று தாளில் இல்லை. எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் அந்தச் சினைப்பைகளில்தான் சுரக்கிறது. முப்பத்தேழு வயதில் அது நின்றுபோனால் எலும்பு அப்போதே தேயத் தொடங்கும். மாற்று மருந்து உண்டு, சுண்ணாம்புச்சத்து உண்டு, கவனமாக இருக்கச் சொல்லலாம். சொல்லியிருந்தால் செய்திருப்போம். நாற்பது வயதில் அம்மா ராத்திரியில் வேர்த்து எழுந்து உட்கார்ந்ததும், இடுப்பு வலிக்கிறது என்றதும், கம்பெனி வேலையின் அலுப்பு என்றே நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். இது கர்ப்பப்பை. ரெண்டு பக்கமும் குழாய். குழாய் முனையில் பாதாம்பருப்பு அளவில் இது ஒண்ணு, இது ஒண்ணு. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

“இவ்ளோ சின்னதா?” என்றார். பிறகு, “இதுக்குப் பேரு என்ன சொன்ன?”

சொன்னேன். அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்தத் தாளை மடித்து, எனக்குத் திருப்பித் தரவில்லை. மறுநாள் மாலை பார்த்தபோது பக்கத்து வீட்டு வாசலில் மூன்று பெண்களுக்கு நடுவே அது விரிந்திருந்தது.